இன்யூட் கலைய வச்சு நிதி திரட்டப் போறீங்களா? செதுக்கினவருக்கு முதல்ல காசு குடுங்க

ஜூன் மாசம் நெருங்குச்சுன்னா கனடால எந்தத் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்ல பாத்தாலும் யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சுடுவார், ஜூன் 21 பூர்வகுடி மக்கள் தினம் வருது, நாமளும் ஏதாவது பண்ணலாமே, கனடா வடக்குல ஆர்க்டிக் பக்கம் வாழுற இன்யூட் மக்கள் செதுக்கின கரடி பொம்மை நாலு வாங்கிட்டு வந்து ஏலம் விட்டு அந்தக் காச அவங்களுக்கே அனுப்பிடலாம்னு. மனசு நல்ல மனசுதான், ஆனா அதுக்கப்புறம் நடக்கிற கூத்து இருக்கே. நாங்க முதல் தடவ நடத்துனப்போ போஸ்டர்ல டோட்டம் கம்பம், அதான் மிருக முகங்கள அடுக்கடுக்கா செதுக்கின மரத் தூண், அது படத்த போட்டிருந்தோம். டோட்டம் கம்பம் பசிபிக் கரையோர மக்களோடது, இன்யூட் மக்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பெரும்பாலும் மரமே முளைக்காத ஊர்ல எங்கேர்ந்து மரக் கம்பம் வரும். அது பத்தாதுன்னு ஏலத்துக்கு வந்த கரடில ஒண்ணு சுற்றுலாக் கடைல வாங்கின அச்சுல வார்த்த பிசின் (ரெசின்) கரடி. வந்திருந்த ஒரு இன்யூக் அம்மா, அதாவது இன்யூட் மக்கள்ல ஒருத்தர், அத கையில எடுத்து அடியில திருப்பிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம திரும்ப வச்சுட்டாங்க பாருங்க, அந்த நிமிஷம் இப்பவும் ஞாபகம் இருக்கு. அதனால நீங்களாவது ஒழுங்கா பண்ணணும்னு இத எழுதுறேன்.

முதல்ல போய்ப் பாருங்க, அப்புறம் நடத்தலாம்

கண்காட்சி நடத்தப் போற கமிட்டில இருக்கிற எல்லாரும் குறைஞ்சது ரெண்டு இடமாவது போய் நல்ல சிற்பம் எப்படி இருக்கும்னு கண்ணால பாத்துட்டு வந்துடணும், இதுல எந்த சமாதானமும் வேண்டாம். டொராண்டோ டவுன்டவுன்ல டிடி சென்டர் கட்டடத்துக்குள்ளயே ஒரு இன்யூட் ஆர்ட் கேலரி இருக்கு, 79 வெலிங்டன் ஸ்ட்ரீட் வெஸ்ட், காசே கிடையாது, ஆபீஸ் போறவங்க தினமும் அதத் தாண்டிதான் போறாங்க, திரும்பிக்கூட பாக்கிறது இல்ல. ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோல பெரிய தொகுப்பு இருக்கு, ஒன்டாரியோல இருக்கிற 25 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அனுமதி இலவசம், காலேஜ் பசங்கள கூட்டிட்டுப் போறது ஈஸி. ஒட்டாவா பக்கம்னா ஆத்தத் தாண்டி கேட்டினோல இருக்கிற வரலாற்று மியூசியம். வினிபெக் போற வேலை இருந்தா கௌமாஜுக்க விட்டுடாதீங்க, 2021ல திறந்தது, வினிபெக் ஆர்ட் கேலரியோட சேந்த கட்டடம், அந்தப் பேருக்கு வெளிச்சமா இருக்குன்னு அர்த்தம். உள்ள போனதும் மூணு மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கிடங்கு, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல சிற்பம், எத பாக்கிறது எத விடுறதுன்னே தெரியாது.

போனா எப்படிப் பாக்கணும்னு கேப்பீங்க. சுத்தி வாங்க. கோயில் மூலவர் மாதிரி முன்னாடி மட்டும் நின்னு பாத்துட்டு நகரக் கூடாது, இது கையில வச்சு உருட்டிப் பாக்கிறதுக்குன்னு ஆரம்பிச்ச கலை, முதுகுப் பக்கமும் முகம் மாதிரியே வேலைப்பாடு இருக்கும். அப்புறம் கல்ல பாருங்க. நம்ம பாட்டி வீட்டுல கல்சட்டி பாத்திருப்பீங்கல்ல, மாக்கல்லுல குடைஞ்சது, அதே ஜாதிக் கல்லத்தான் இன்யூட் மக்களும் காலங்காலமா குடைஞ்சு பாத்திரமும் விளக்கும் பண்ணிட்டு இருந்தாங்க. இந்த ஒத்துமைய நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா அப்படியே ஒட்டிக்குவாங்க, எங்க நிகழ்ச்சில நான் பேசுனதுலயே மக்கள் ஞாபகம் வச்சிருக்கிறது இது ஒண்ணுதான். ஆனா எல்லா சிற்பமும் மாக்கல் இல்ல, நிறைய சிற்பம் பாம்புக்கல்னு சொல்ற செர்பென்டைன், பச்சையா இருக்கும், மாக்கல்ல விட ரொம்பக் கடினம். பளிங்கு, திமிங்கல எலும்பு, கரிபூ மான் கொம்பு, வால்ரஸ் தந்தம்னு இன்னும் பல இருக்கு.

பின்கதையும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, மேடைல யாராவது கேப்பாங்க. 1948ல ஜேம்ஸ் ஹூஸ்டன்னு ஒரு ஓவியர் கியூபெக் வடக்குல இனுக்ஜுவாக் போய் அங்க மக்கள் செதுக்கினத பாத்து அசந்து கொண்டு வந்தார், 1949 நவம்பர்ல மான்ட்ரியல்ல விற்பனைக்கு வச்சாங்க, மூணே நாள்ல எல்லாம் தீந்துடுச்சு. அதுக்கப்புறம் கூட்டுறவு சங்கங்கள் வந்துச்சு, கின்காயிட்னு ஒரு வடக்கு ஊர்ல 1959ல ஆரம்பிச்சது இன்னைக்கும் நடக்குது, வருஷா வருஷம் அச்சு ஓவியத் தொகுப்பு வெளியிடுறாங்க. கின்காயிட்ட பழைய புத்தகத்துல எல்லாம் கேப் டார்செட்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒரே ஊர்தான். அந்த ஊர் கெனோஜுவாக் அஷெவாக் 1960ல வரைஞ்ச மந்திர ஆந்தை 1970ல கனடா தபால் தலைல வந்துச்சு, அத நீங்க எங்கயாவது கண்டிப்பா பாத்திருப்பீங்க. கலைனா கரடியும் ஆந்தையும் மட்டும்னு நினைச்சுடாதீங்க, அதே ஊர் ஆனி பூட்டூகுக் வீட்டுக்குள்ள டிவி பாக்கிறது, கடையில சாமான் வாங்குறது, குடும்பச் சண்டை வரைக்கும் வரைஞ்சு 2006ல கனடாவோட பெரிய கலை விருதான சோபி விருது வாங்கினாங்க. அவங்க படங்கள பாத்துட்டு வந்தா பனி வீடு, பொம்மைன்னு பேசுற வாய் தானா அடங்கிடும்.

பேர் தப்பா சொல்லாதீங்க

எஸ்கிமோன்னு சொல்லாதீங்க, அத அவமரியாதையா பாக்கிறாங்க. பல பேர்னா இன்யூட், ஒருத்தர்னா இன்யூக். பழைய கூட்டுறவு சங்கத்தோட பேர்லயும் பழைய லேபிள்லயும் அந்த வார்த்தை இருக்கும், அது சரித்திரம், நம்ம போஸ்டர்ல அது வேண்டாம். அதே மாதிரி கனடால பூர்வகுடின்னா ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இன்யூட், மேட்டி (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சம்) மூணும் வேற வேற. கனவு வலை (ட்ரீம்கேட்சர்), இறகுத் தலைப்பாகை, டோட்டம் கம்பம் எதுவும் இன்யூட் இல்ல. இன்யூட் தாயகத்த இன்யூட் நுனாங்கட்னு சொல்வாங்க, நாலு பகுதி, மேற்குலேர்ந்து இனுவியாலுயிட், நுனாவுட், நுனாவிக், நுனாட்சியாவுட். நுனாவுட் 1999 ஏப்ரல் 1ல தனிப் பிரதேசமாச்சு, தலைநகர் இகாலுயிட். 2021 கணக்கெடுப்புல கனடால மொத்த இன்யூட் மக்கள் 70,545 பேர், அவ்வளவுதான், நம்ம ஊர்ல ஒரு சின்ன டவுன் ஜனத்தொகை. அதுல எத்தன கலைஞர்னு பாத்தீங்கன்னா தல சுத்தும்.

பழைய சிற்பத்தோட அடியில ஈ7 (E7)னு ஆரம்பிக்கிற மாதிரி ஒரு நம்பர் செதுக்கியிருந்தா அது சீரியல் நம்பர் இல்ல. 1940கள்லேர்ந்து அரசாங்கம் ஒவ்வொரு இன்யூட் ஆளுக்கும் ஒரு வில்லை குடுத்து நம்பர் போட்டு வச்சிருந்துச்சு, குடும்பப் பேர் கிடையாதுன்னு. அந்த நம்பரையே கையெழுத்தா செதுக்கினாங்க. லேபிள் எழுதும்போது நம்பர மட்டும் போட்டுட்டு விட்டுடாதீங்க, அந்த நம்பருக்குரியவர் பேர கேலரிக்காரங்ககிட்ட கேட்டா கண்டுபிடிச்சுத் தருவாங்க.

சிற்பம் எங்க வாங்குறது, ஒரிஜினலான்னு எப்படித் தெரியும்

இங்கதான் நான் அதிகமா பேசப் போறேன், ஏன்னா எல்லா சொதப்பலும் இங்கதான் ஆரம்பிக்குது.

நம்ம ஆளுங்க முதல்ல கேக்கிற கேள்வி, ஆர்ட்டிஸ்ட்கிட்ட ஃப்ரீயா ஒண்ணு டொனேட் பண்ணச் சொல்லலாமா, நல்ல காரியத்துக்குத்தானே. சொல்லாதீங்க. செதுக்குறது அவங்க பொழப்பு, கல்லு தேடி எடுக்கிறதே பெரிய வேலை, மெஷின், பெட்ரோல், தூசி மாஸ்க் எல்லாத்துக்கும் காசு. நுனாவுட்ல 25 ஊர் இருக்கு, ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் ரோடு கிடையாது, எல்லாமே விமானத்துலயோ கோடைல கப்பல்லயோதான் வரணும், அப்போ கடைல ஒரு பால் பாக்கெட் என்ன விலை இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அவங்களுக்கு உதவுறேன்னு சொல்லிட்டு அவங்ககிட்டயே ஓசி கேக்கிறது நம்ம ஊர்ல கல்யாண வீட்டுக்கு நாதஸ்வரக்காரர கூப்பிட்டு ஆசீர்வாதம் மட்டும் குடுத்து அனுப்புற கதைதான்.

சரியான வழி மூணு. ஒண்ணு, சங்கம் முன்பணம் போட்டு கேலரிலயோ கூட்டுறவு சங்கத்து விற்பனைப் பிரிவுலயோ வாங்கிடுறது, கின்காயிட் கூட்டுறவுக்கு டார்செட் ஃபைன் ஆர்ட்ஸ்னு டொராண்டோலயே விற்பனைப் பிரிவு இருக்கு. ரெண்டு, கன்சைன்மென்ட், அதாவது கேலரி பொருள குடுக்கும், வித்தா அவங்க விலைய அவங்களுக்கு குடுத்துட்டு மேல வர்றத நாம எடுத்துக்கலாம், விக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம். சின்ன சங்கத்துக்கு இதுதான் பாதுகாப்பு, ஆனா உடைஞ்சா யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் யார் போடணும், எந்தத் தேதிக்குள்ள திருப்பணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க. மூணு, கலைஞர்கிட்ட நேரடியா. நிறைய பேர் பேஸ்புக்ல படம் போட்டு விக்கிறாங்க, இ-டிரான்ஸ்ஃபர் பண்ணா பார்சல் அனுப்பிடுவாங்க. இதுல காசு முழுசா அவங்க கைக்குப் போகும், எனக்குப் பிடிச்சது இதுதான், ஆனா நிகழ்ச்சிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடணும். அங்க பனிப்புயல் அடிச்சா விமானம் நாள் கணக்குல வராது, அதுக்குப் போய் அவங்கள போன்ல நச்சரிக்கக் கூடாது. விலை பேரம் பேசாதீங்கன்னு தனியா வேற சொல்லணுமா, சொல்லிடுறேன், பேசாதீங்க.

நாலாவதா ஒரு வழி இருக்கு, யார் வீட்டுலயாவது பரண்ல தூங்குற பழைய சிற்பத்த தானமா வாங்கி ஏலம் விடுறது. தப்பு இல்ல, ஆனா அதுல கலைஞருக்கு ஒரு பைசா போகாது. அதனால நாங்க ரெண்டாவது தடவ ஒரு வழக்கம் வச்சோம், பழைய சிற்பம் ஒண்ணு ஏலத்துக்கு வந்தா கூடவே புதுசா வாங்கினதும் ஒண்ணு இருக்கணும்.

இப்போ ஒரிஜினல் சமாச்சாரம். இக்ளூ டேக்னு ஒண்ணு இருக்கு, சின்ன அட்டை, பனி வீடு படம் போட்டு நம்பர் இருக்கும், 1958லேர்ந்து அரசாங்கம் குடுத்துட்டு இருந்துச்சு, 2017லேர்ந்து இன்யூட் ஆர்ட் ஃபவுண்டேஷன் கைல இருக்கு, அதாவது இன்யூட் மக்களே இப்போ அத நடத்துறாங்க. டேக் இருந்தா நிம்மதி. இல்லன்னா போலின்னு அர்த்தம் இல்ல, நேரடியா விக்கிற கலைஞர்கிட்ட பெரும்பாலும் இருக்காது, பழைய சிற்பத்துல எப்பவோ தொலைஞ்சிருக்கும். அதனால கையில எடுங்க. கல்லுன்னா ஜில்லுன்னு இருக்கும், கனமா இருக்கும், பிசின்னா சீக்கிரம் கைச் சூட்டுக்கு வந்துடும். அடியில அச்சு ஒட்டின கோடு இருக்கா, குமிழி ஓட்டை இருக்கா பாருங்க. ஒரே கடைல அதே கரடி அதே போஸ்ல பத்து நின்னா அது செதுக்கினது இல்ல, வார்த்தது. லேபிள்ல இன்யூட் ஸ்டைல், ஆர்க்டிக் தாக்கம் இப்படி வளைச்சு வளைச்சு எழுதியிருந்து ஆள் பேரும் ஊர் பேரும் இல்லன்னா வாங்காதீங்க. கலைஞர் பேர், ஊர், இது ரெண்டையும் கடைக்காரர் சொல்லத் தெரியாம முழிச்சா அதோட வெளிய வந்துடலாம். நகத்தாலயோ சாவியாலயோ சுரண்டிப் பாக்கிற வேலை வேண்டாம், அத ஒருத்தர் பண்ணி நான் பாத்திருக்கேன்.

அச்சு ஓவியம்னா வேற கணக்கு. கீழ பென்சில்ல 23/50 மாதிரி இருக்கும், அம்பதுல இருபத்தி மூணாவது பிரதின்னு அர்த்தம். கின்காயிட் அச்சுல சிவப்பு இக்ளூ முத்திரை இருக்கும். இன்னொண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, கல் அச்சுல வரையறவர் ஒருத்தர், அத கல்லுல வெட்டி அச்செடுக்கிறவர் இன்னொருத்தர், ரெண்டு பேர் பேரையும் லேபிள்ல போடணும். பட்ஜெட் கம்மின்னா சிற்பத்துக்குப் பதிலா சின்ன அச்சு, பாங்னிர்டங் ஊர் குரோஷா தொப்பி, பேக்கர் லேக் துணிச் சித்திரத்துல சின்னது இப்படிப் போகலாம், ஏலத்துல இதுங்களும் நல்லா ஓடும்.

வால்ரஸ் தந்தம், நார்வால் திமிங்கலக் கொம்பு இருந்தா ஒரு எச்சரிக்கை. கனடாவுக்குள்ள சட்டப்படி விக்கலாம், ஆனா வாங்கினவர் அமெரிக்கால இருக்கிற அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார்னா எல்லையில பிடுங்கிடுவாங்க, கடல் பாலூட்டிப் பொருள அங்க கொண்டு போகத் தடை. வேற நாட்டுக்குப் போனாலும் பெர்மிட் கேப்பாங்க. ஏலச் சீட்டுலயே எழுதிடுங்க.

விக்காம சும்மா காட்சிக்கு வைக்கிறீங்கன்னா

இது நிறைய பேருக்குத் தெரியாது. கனடா பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல கண்காட்சி உரிமைன்னு ஒண்ணு இருக்கு. 1988 ஜூன் 7க்கு அப்புறம் உருவாக்கின படைப்ப விற்பனைக்கோ வாடகைக்கோ இல்லாம பொதுக் கண்காட்சில வச்சா கலைஞர்கிட்ட அனுமதி வாங்கணும், சாதாரணமா அதுக்கு ஒரு கட்டணமும் குடுக்கணும். யார்கிட்டயோ இரவல் வாங்கி மூணு நாள் லைப்ரரில வைக்கிறீங்கன்னா இது உங்களுக்குப் பொருந்தும். போஸ்டர்ல படம் போடுறதுக்கும் தனி அனுமதி, சிற்பத்த காசு குடுத்து வாங்கிட்டா படம் அச்சடிக்கிற உரிமையும் சேந்து வந்துடாது. டி-ஷர்ட்ல ஆந்தை போடலாம்னு ஒரு தம்பி சொல்லுவான், வேண்டாம்னு சொல்லிடுங்க.

காசு விஷயம்

யாருக்கு அனுப்பப் போறீங்கன்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க, வடக்கு மக்களுக்குன்னு மொட்டையா போஸ்டர்ல போடாதீங்க. கலைஞர்களுக்குன்னா இன்யூட் ஆர்ட் ஃபவுண்டேஷன் பதிவான அறக்கட்டளைதான். சாப்பாட்டுக்குன்னா இகாலுயிட்ல கஜுக்டுர்விக்னு ஒரு சமுதாய உணவு மையம் இருக்கு, சமைச்சுப் போடுறாங்க. எதுவா இருந்தாலும் கனடா வருமான வரித்துறை தளத்துல அந்த அமைப்பு பதிவாகியிருக்கான்னு பாருங்க, பதிவு எண் ஆர்ஆர்னு வந்து நாலு இலக்கத்துல முடியும். அப்புறம் அவங்களுக்கே போன் பண்ணி உங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க. பழைய ஸ்வெட்டர் மூட்டை கட்டி அனுப்புறது வேண்டவே வேண்டாம், சரக்குக் கட்டணம் அந்தத் துணிய விட அதிகம் வரும்.

வரி ரசீது பதிவான அறக்கட்டளை மட்டும்தான் குடுக்க முடியும். நம்ம சங்கம் லாப நோக்கமில்லா அமைப்புன்னு பதிவாகியிருக்கலாம், அது அறக்கட்டளை ஆகாது, ரெண்டையும் குழப்பி ரசீது அடிச்சுக் குடுத்துட்டு மாட்டிக்காதீங்க. அறக்கட்டளையோட சேந்து நடத்தினா அவங்க குடுப்பாங்க, ஆனா கட்டின முழுத் தொகைக்கும் இல்ல. டிக்கெட் 100 டாலர், அதுல சாப்பாடு கச்சேரி மதிப்பு 40 டாலர்னா ரசீது 60க்குத்தான். ஏலத்துல இன்னும் நுணுக்கம். 300 டாலர் மதிப்புள்ள சிற்பத்த ஒருத்தர் 500க்கு எடுத்தா மிச்சம் 200க்கு ரசீது. அதே சிற்பம் 450 டாலர் மதிப்புன்னு வச்சுக்கோங்க, 500க்கு எடுத்தா ரசீதே கிடையாது, ஏன்னா பொருளோட மதிப்பு கட்டின காசுல 80 சதவீதத்தத் தாண்டிடுச்சு. அதனால ஏலத்துக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுக்கும் சந்தை மதிப்ப எழுதி மேசைல வச்சிடுங்க, மதிப்பு தெரியாத பொருளுக்கு ரசீது தர முடியாது.

பழைய சிற்பத்த தானமா குடுக்கிற மாமா அதுக்கு ரசீது கேப்பார். 1,000 டாலருக்கு மேல போகும்னு தோணுச்சுன்னா வெளியாள் மதிப்பீடு வாங்குங்க. அத அவர் மூணு வருஷத்துக்குள்ள வாங்கினதுன்னா பொதுவா வாங்கின விலைக்கு மேல ரசீது வராது, சல்லிசா வாங்கி பெரிய மதிப்பு காட்டுற வேலையெல்லாம் நடக்காது.

ராஃபிள், 50/50 டிரா நம்ம கூட்டத்துல ரொம்ப பாப்புலர், ஆனா அது லாட்டரி. ஒன்டாரியோல லைசென்ஸ் இல்லாம நடத்தக் கூடாது, சின்ன ராஃபிளுக்கு சிட்டி ஆபீஸ்லயே விண்ணப்பிக்கலாம், கொஞ்ச நாள் எடுக்கும். ஏலத்துக்கு அந்தத் தொல்லை இல்ல, அதனால நான் ராஃபிள் பக்கமே போறது இல்ல.

நிகழ்ச்சி நாள்

இன்யூட் நிகழ்ச்சிகள்ல நிறைய இடத்துல முதல்ல குல்லிக் ஏத்துவாங்க. பாதி நிலா மாதிரி மாக்கல் விளக்கு, சீல் கொழுப்பு எண்ணெய், பாசியும் பருத்திப் புல்லும் சேத்துத் திரி. பெரும்பாலும் பெரியம்மா வயசுல இருக்கிற ஒருத்தர் ஏத்தி, திரிய குச்சியால தட்டித் தட்டி ஜ்வாலைய ஒரே வரிசையா நிறுத்துவாங்க. நம்ம குத்துவிளக்கு ஏத்துறத பாத்து வளந்த கண்ணுக்கு அது ரொம்பப் பழக்கமான காட்சியா இருக்கும். ஆனா அத நாம ஏத்தக் கூடாது, விளக்கு வாங்கி வச்சு எம்எல்ஏ கையால ஏத்த வைக்கிற யோசனை யாருக்காவது வந்தா அங்கேயே நிறுத்திடுங்க. இன்யூட் பெரியவர் ஒருத்தர கூப்பிடுங்க, அவங்களுக்கு சன்மானம், போக்குவரத்து, கூட வர்ற ஒருத்தருக்கும் சேத்துக் குடுங்க, கவர்ல போட்டு அன்னைக்கே குடுத்துடுங்க. ஹால்காரங்ககிட்ட தீ அனுமதி முன்னாடியே கேளுங்க, ஸ்மோக் அலாரம் கத்துச்சுன்னா மொத்தமும் போச்சு. தொண்டைப் பாட்டு பாடுறவங்க கிடைச்சா நல்லது, ரெண்டு பெண்கள் எதிரெதிரா நின்னு மூச்சாலயே போட்டி போடுவாங்க, யார் முதல்ல சிரிக்கிறாங்களோ அவங்க அவுட். அதனால பாட்டு சிரிப்புல முடிஞ்சா சரியாத்தான் முடிஞ்சிருக்கு, யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு நம்ம ஆடியன்ஸ் முழிக்க வேண்டாம், முன்னாடியே அறிவிச்சுடுங்க.

அரங்க வேலை சுருக்கமா. மேசை ஆடக் கூடாது, மடக்கு மேசைல கனமான சிற்பம் வைக்காதீங்க. தூக்கும்போது அடியில கை குடுத்து ரெண்டு கையால, காது கொம்பு ஈட்டி பிடிச்சுத் தூக்கினா கையோட வந்துடும், அந்த ஈட்டி பல சமயம் தனியா சொருகினது. அச்சு ஓவியத்த ஜன்னல் வெயில்ல வைக்காதீங்க. லேபிள்ல கலைஞர் பேர் பெருசா, ஊர், வருஷம், கல்லு. நன்கொடையாளர் பேர் அதுக்குக் கீழ சின்ன எழுத்துல போதும், இதுக்குத்தான் கமிட்டில பெரிய சண்டையே வரும், விட்டுக் குடுக்காதீங்க. பசங்க தொடத்தான் செய்வாங்க, அதனால ஒரு உறுதியான சிற்பத்த தொட்டுப் பாக்கவே தனியா வச்சுட்டா மத்ததெல்லாம் தப்பிக்கும்.

முடிஞ்சதும் ஒரு வாரத்துக்குள்ள கணக்க எழுதி எல்லாருக்கும் அனுப்பிடுங்க, வரவு இவ்வளவு, கலைஞர்களுக்கு இவ்வளவு, ஹாலுக்கு இவ்வளவு, அறக்கட்டளைக்கு இவ்வளவுன்னு. கலைஞருக்கு அவரோட சிற்பம் யார் வீட்டுக்குப் போச்சுன்னு ஒரு போட்டோ, வாங்கினவர் சம்மதிச்சா மட்டும். விக்காத கன்சைன்மென்ட் சிற்பத்த திருப்பி அனுப்பும்போது ரெண்டு பெட்டிக்குள்ள போடுங்க, சொருகின ஈட்டி, தந்தம் எல்லாத்தையும் கழட்டித் தனியா சுத்தி பேர் எழுதி உள்ளயே வைங்க, நாங்க ஒரு தடவ அந்த ஈட்டிய ஹால் டிராயர்லயே விட்டுட்டு வந்து ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ச்மேன எழுப்பினோம்.